பீரோவில் கிடக்கும் பழைய கேமரா: விற்கும் முன் ஒரு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பிறகு, அல்லது பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன பிறகு, இளமையில் கைவிட்ட புகைப்படக்கலையை மீண்டும் தொட நினைப்பவர்கள் இன்று நிறையப் பேர். அவர்களுக்குக் கடைகளிலும் பத்திரிகைகளிலும் கிடைக்கும் முதல் யோசனை, புதிதாக எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். பீரோவின் மேல்தட்டில் தோல் உறையோடு கிடக்கும் பென்டாக்ஸ் கே1000, நிகான் எஃப்எம்2, யாஷிகா, செனித் எல்லாம் "இனி ஓடாது" என்ற அனுமானத்திலேயே எடைக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் போய்விடுகின்றன. ஓடாததுபோலத் தெரிவதற்குக் காரணம் பல சமயம் ஒரு பொத்தான் செல், அல்லது மட்கிப்போன ஒரு ஸ்பாஞ்ச் பட்டை. விற்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைப் பரிசோதித்துப் பாருங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

முதல் வேலை, பின்கதவைத் திறக்காமல் இருப்பது. இடதுபக்கம் மேலே உள்ள ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறித் திசையில் மெல்லச் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுழன்றால் உள்ளே ரோல் இல்லை. சற்று இறுக்கம் தெரிந்தால் ரோல் இருக்கிறது. கேமராவின் அடியில் உள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, இறுக்கம் முழுவதும் விலகும்வரை நிதானமாகச் சுற்றுங்கள். பழைய பிலிம் மொறுமொறுப்பாக இருக்கும், வேகமாகச் சுற்றினால் அறுந்துவிடும். அந்த ரோலில் குடும்பப் படங்கள் இருக்கலாம் என்பதால் குப்பையில் போட வேண்டாம். டப்பாவின் மேல் சி-41 (இன்றைய கலர் நெகட்டிவ் கழுவும் முறை) என்று அச்சிட்டிருந்தால் இன்றும் லேபில் கழுவலாம். நிறம் மங்கியிருக்கும், மணல்போலப் புள்ளி தெரியும், ஆனாலும் முகம் அடையாளம் தெரியும். சி-22 என்று இருந்தால் அது 1970களுக்கும் முந்தைய முறை. அதைச் சி-41 கரைசலின் 37.8 டிகிரிச் சூட்டில் போட்டால் பிலிமின் மேல்பூச்சு கழன்று வந்துவிடும். அதைக் குறைந்த சூட்டில் கறுப்பு வெள்ளையாகக் கழுவித் தருபவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது செல். கே1000-க்கு ஒரு எல்ஆர்44, எஃப்எம்2-க்கு இரண்டு. இந்த இரண்டு கேமராவிலும் ஷட்டர், அதாவது பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரை, முழுக்க இயந்திர விசையில் ஓடுவது. செல் வெளிச்சமானிக்கு மட்டும்தான், அது இல்லாமலும் படம் எடுக்கலாம். கேனன் ஏஇ-1 அப்படியில்லை. 6 வோல்ட் செல் இல்லாவிட்டால் பொத்தானே வேலை செய்யாது. நன்றாக உள்ள ஏஇ-1 எத்தனையோ "செத்துப்போனது" என்று கழித்துக் கட்டப்படுவது இதனால்தான். செல் அறையைத் திறந்தால் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். காதுக் குச்சியில் இரண்டு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் இன்னொரு முறை துடைத்து, காயவிட்டுப் புதுச் செல்லைப் போட வேண்டும். வினிகரை ஊற்றக் கூடாது.

யாஷிகா மாட்-124ஜி, கேனனெட் போன்றவை பாதரசச் செல்லுக்காகச் செய்யப்பட்டவை. அதன் அழுத்தம் 1.35 வோல்ட், கடைசிவரை மாறாது. அந்தச் செல் இன்று தயாரிப்பில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் போகப் போக இறங்குவது. அதைப் போட்டால் மானி வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், அதை நம்பி எடுத்த படம் இருண்டு வரும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் செல் 1.4 வோல்ட், பெரிய மருந்துக் கடையில் கிடைக்கும். அறையைவிட அது சிறியது, சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டால் அசையாமல் உட்காரும். மேலே ஒட்டிய தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கும், சில வாரங்களில் தீர்ந்துவிடும். விலை குறைவு என்பதால் அது பெரிய குறையல்ல.

ஷட்டரைப் பார்ப்போம். பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடியுங்கள். சூரியனை நோக்கி வேண்டாம். 1 விநாடியில் தொடங்கி ஒவ்வொரு வேகமாக அழுத்திக்கொண்டே போங்கள். பல வருடம் சும்மா கிடந்த கேமராவில் முதலில் சிக்குவது மெதுவான வேகங்கள்தான். 1 விநாடி 2 விநாடியாக இழுக்கும், அல்லது நடுவிலேயே நின்றுவிடும். உள்ளே உள்ள எண்ணெய் பிசினாக இறுகிப்போனதே காரணம். 30, 40 முறை ஓட்டினால் ஓரளவு இளகும். இளகாவிட்டால் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட வேண்டும், அது பழுது பார்ப்பவர் வேலை. மேலே எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்ப்பது கேமராவைக் கொல்லும் வழி. அந்த எண்ணெய் ஷட்டர் திரைக்கும் லென்ஸ் இதழ்களுக்கும் பரவும்.

கைப்பேசியில் விநாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால் அதுவே நல்ல அளவுகோல். பின்பக்கமிருந்து ஷட்டரைப் பதிவு செய்து, திறந்திருக்கும் சட்டகங்களை எண்ணுங்கள். 1/30-க்கு 8, 1/60-க்கு 4 வர வேண்டும். அதற்கு மேற்பட்ட வேகங்களுக்கு இந்தக் கணக்கு நம்பகமில்லை. 1/1000-ல் கண்ணால் பார்த்தே ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். செவ்வகம் முழுவதும் பளிச்சென்று தெரியாமல் ஒரு பக்கம் இருட்டாக இருந்தால், பின்திரை முன்திரையை எட்டிப் பிடிக்கிறது என்று பொருள். அந்த வேகத்தை விட்டுவிட்டு 1/500 வரை பயன்படுத்தினால் போதும், பகல் வெளிச்சத்துக்கு அதுவே தாராளம். துணித் திரை என்றால் ஊசித்துளை இருக்கிறதா என்று இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி நிமிர்ந்திருக்கும் நேரத்தில் லென்ஸ் வழியாகச் சூரியன் பட்டால் துணி எரிந்து துளை விழும்.

பின்கதவு மூடும் பள்ளத்திலும், மேலெழும் கண்ணாடி மோதும் இடத்திலும் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். 15, 20 வருடத்தில் அது தார்போலப் பிசுபிசுத்துவிடும். விரலில் ஒட்டினால் மாற்ற வேண்டியதுதான். மாற்றாமல் ரோல் போட்டால், கலர்ப் படத்தின் ஓரத்திலிருந்து ஆரஞ்சு நிறக் கீற்று ஓடும். மரப் பல்குத்தியின் நுனியில் ஆல்கஹால் தொட்டுப் பழையதைச் சுரண்டி எடுங்கள். உலோகக் கருவி வேண்டாம். சுரண்டும்போது துணுக்குகள் ஷட்டர் திரையில் விழாதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடியுங்கள். பள்ளத்துக்குக் கறுப்புக் கம்பளி நூலே போதும், கீல் பக்கத்துக்கு 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் ஸ்பாஞ்சை நறுக்கி ஒட்டலாம். கண்ணாடி மோதும் பட்டைக்கு நூல் பயன்படாது, அங்கே ஸ்பாஞ்ச்தான்.

இனி லென்ஸ். நம் ஊரில் பழைய கேமராவின் உண்மையான எதிரி பூஞ்சைதான். கடலோர மாவட்டங்களில் காற்றின் ஈரப்பதம் மாதக்கணக்கில் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது, பூஞ்சைக்கு அது போதும். லென்ஸைக் கழற்றி, இதழ்களை முழுதும் திறந்து, பின்னாலிருந்து கைப்பேசி டார்ச் அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். நூல்நூலாகக் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. ஒரே சீராகப் பால் படிந்ததுபோல் இருந்தால், உள்ளே உள்ள எண்ணெய் ஆவியாகிப் படிந்தது. விளிம்பில் வானவில் நிறத்தில் திட்டு தெரிந்தால் இரண்டு கண்ணாடியை ஒட்டிய பசை விலகுகிறது. தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது, அதற்காகப் பிரிக்க வேண்டாம். பூஞ்சை இளசாக இருந்தால் பழுது பார்ப்பவர் துடைத்து எடுத்துவிடுவார். முற்றியிருந்தால் அதன் அமிலம் மேல்பூச்சைத் தின்று தடம் பதித்திருக்கும், அது திரும்பாது. முன் கண்ணாடியில் சிறு தடம் இருப்பதால் பெரிய பாதகமில்லை. பின் கண்ணாடியில் இருந்தால், வெளிச்சத்தை எதிர்நோக்கி எடுக்கும் படங்கள் வெளிறிப் போகும். அதே டார்ச் வெளிச்சத்தில் இதழ்களையும் பாருங்கள். இயக்கினால் சட்டென்று மூட வேண்டும். எண்ணெய் பளபளத்து மெதுவாக மூடினால் படமெல்லாம் அதிக வெளிச்சத்தோடு வரும்.

இதை ஒட்டிப் பரவிவரும் சில தவறான யோசனைகளைக் கண்டிப்பாக மறுக்க வேண்டியிருக்கிறது. கேமராவை அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்கிறார்கள். கடையில் வாங்கும் அரிசியிலேயே 12 முதல் 14 சதவீதம் ஈரம் உண்டு. அது தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஏறக்குறைய 65 சதவீதத்துக்குக் கீழே உலர்த்தாது, மாவுத் தூசிதான் மிச்சம். கற்பூரமும் நாப்தலின் உருண்டையும் ஆவியாகிக் கண்ணாடியில் படியும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தோலே பூஞ்சைக்கு உணவு. ஆகவே உறை பயணத்துக்கு மட்டும் இருக்கட்டும். ரப்பர் வளையம் உள்ள 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் சிலிகா ஜெல், சிறிய ஈரமானி ஒன்று, இவ்வளவே வேண்டும். மானி 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் ரப்பருக்கும் எண்ணெய்க்கும் நல்லதல்ல. ஆரஞ்சு நிறச் சிலிகா ஈரம் குடித்ததும் பச்சையாகும். மின் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழையபடி ஆரஞ்சாகும். நீல நிறத்தது வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது. ஷட்டரை ஏற்றிய நிலையில் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்து எல்லா வேகத்திலும் ஓட்டி, லென்ஸுக்குக் கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்கள். பயன்படும் கேமராவில் பூஞ்சை குறைவு.

கேமரா தேறிவிட்டது என்றால் ஒரு ரோல். பிலிமை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் டப்பாவைத் திறக்காமலே இரண்டு மணி நேரம் வெளியில் வைத்து எடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். மாட்டும்போது நுனியைச் சுருள் தண்டில் செருகி, இரு ஓரப் பற்களிலும் துளை மாட்டிய பிறகே கதவை மூட வேண்டும். மூடியதும் ரீவைண்ட் கைப்பிடியைச் சுழற்றித் தளர்வை நீக்குங்கள். பிறகு நெம்புகோலைத் தள்ளும்போது அந்தக் கைப்பிடியும் கூடவே சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் பிலிம் நகரவில்லை. 36 படம் எடுத்ததாக எண்ணிக்கொண்டு வெற்று ரோலைக் கழுவக் கொடுப்பவர்கள் எல்லோரும் இந்த ஒன்றைப் பார்க்கத் தவறியவர்கள்தான்.

வெளிச்சமானி கெட்டிருந்தாலும் கவலையில்லை. நல்ல வெயிலில் அப்பெர்ச்சர் (லென்ஸ் இதழ்களின் திறப்பு அளவு) 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில் உள்ளது. 200 ஐஎஸ்ஓ என்றால் 1/250. லேசான மேகத்துக்கு 11, மூட்டமாக இருந்தால் 8, மரநிழலுக்கும் திண்ணைக்கும் 5.6. உச்சி வெயிலில் முகம் எடுக்கும்போது கண்குழி கறுத்துவிடும் என்பதால் ஒரு ஸ்டாப், அதாவது இருமடங்கு வெளிச்சம், கூட்டிக்கொள்வது நல்லது. நெகட்டிவ் பிலிம் அதிக வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. டிஜிட்டலில் பழகியவர்களுக்கு இது நேர்மாறாகத் தோன்றும். முதல் ரோலில் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர், அப்பெர்ச்சர், நேரம், இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கழுவி வந்த நெகட்டிவோடு ஒப்பிட்டால் எந்த வேகம் பிசகுகிறது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

கலர் ரோல் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைப்பவற்றில் சில, சினிமா பிலிமை வெட்டிச் சுருட்டியவை. அவற்றில் பலவற்றின் பின்புறம் கறுப்புக் கார்பன் பூச்சு உண்டு. சாதாரண லேப் இயந்திரத்தில் அது போனால் கரைசல் மொத்தமும் பாழ், மற்றவர்களின் ரோலும் கெடும். எந்த முறையில் கழுவ வேண்டியது என்று கேட்டு வாங்குங்கள், லேபில் கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். உதகையில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' ரோலைக் கழுவிப் பழகிய கைகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது, செய்முறை மாறவில்லை. முதுமலை யானைகளைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்த காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர் மா. கிருஷ்ணனின் படங்களைப் பார்த்தவர்களுக்கு, நிறம் இல்லாதது குறையாகப் படாது.

பிலிமில் படத்தை வெளிக்கொணரும் டி-76 டெவலப்பர் பொட்டலமாகக் கிடைக்காவிட்டால் தயாரித்துக்கொள்ளலாம். 50 டிகிரிச் சூட்டில் 750 மில்லி காய்ச்சி வடித்த நீர் எடுத்து, முதலில் ஒரு சிட்டிகை சோடியம் சல்பைட், பிறகு மெட்டால் 2 கிராம். அது முழுதும் கரைந்த பிறகு மீதிச் சல்பைட், மொத்தம் 100 கிராம். அடுத்து ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். குளிர்ந்த நீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். வரிசை முக்கியம். சல்பைட் முழுவதையும் முதலில் கொட்டினால் மெட்டால் கரையாது, வெள்ளைத் துகளாக மிதக்கும். 1 கிராம் வரை காட்டும் சமையல் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், கையுறை போடுங்கள். பழுப்புப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடினால் 6 மாதம் தாங்கும்.

ரோலைக் கழுவும் டப்பாவின் சுருளில் ஏற்றுவது மட்டும்தான் உண்மையில் சிரமமான கட்டம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளிச்சம் புகாத கருப்புப் பைக்குள் கை வியர்த்துவிடும். அந்த ஈரத்தில் பிலிம் பிளாஸ்டிக் சுருளில் ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். இரவில் ஜன்னல் இல்லாத அறையில், கதவடியில் துண்டு போட்டு, மின்விசிறி ஓடவிட்டு ஏற்றுவது எளிது. சுருள் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். பிலிம் நுனியின் இரு மூலைகளையும் கத்தரியால் வளைத்து வெட்டிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு ஏறும். வீணான ஒரு ரோலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பழகிவிட்டு அசலைத் தொடுங்கள்.

எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ரோலுக்கு டி-76 150 மில்லி, நீர் 150 மில்லி, 20 டிகிரியில் 13 நிமிடம். குழாய்த் தண்ணீரே 29, 30 டிகிரி இருக்கும் இடத்தில் 20-க்கு இறக்குவது பாடு. ஐஸ் கட்டி போட்ட வாளியில் பாட்டில்களை நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவந்தால் சுமார் 9 நிமிடம். அதற்கு மேல் சூட்டில் நேரம் 5 நிமிடத்தை நெருங்கிவிடும், படம் திட்டுத் திட்டாக வரும். ஊற்றியதும் டப்பாவை மேசையில் இருமுறை தட்டிக் காற்றுக் குமிழை நீக்குங்கள். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 விநாடிக்குள் 4 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு நீர்த்த அசிட்டிக் அமிலம் 1 நிமிடம், அதன் பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசல். வெட்டி எறிந்த நுனித் துண்டை ஹைப்போவில் போட்டு அது தெளிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள், அதைப்போல் இருமடங்கு நேரம் வைத்தால் போதும். எல்லாக் கரைசலும் கழுவும் நீரும் ஒரே சூட்டில், அதிகபட்சம் 2 டிகிரி வித்தியாசத்தில் இருக்க வேண்டும். 24-ல் கழுவிய பிலிமை நேராக 30 டிகிரிக் குழாய் நீரில் காட்டினால் ஜெலட்டின் உப்பி, நகம் பட்டாலே கீறும். ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில், இல்லையேல் காய்ந்ததும் உப்புத் திட்டு நிற்கும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். தோட்டத்திலோ கிணற்றருகிலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து, வெள்ளி பிரிப்பவரிடம் கொடுங்கள்.

ரோல் செலவு கட்டாது என்பவர்கள் பழைய லென்ஸை மட்டுமாவது வைத்துக்கொள்ளட்டும். கண்ணாடிப் பெட்டி இல்லாத மிரர்லெஸ் கேமராவில், வெறும் உலோக வளையமான அடாப்டர் போட்டுப் பழைய நிகான், பென்டாக்ஸ், எம்42 திருகு லென்ஸ் எதையும் மாட்டலாம். கண்ணாடிப் பெட்டி உள்ள டிஜிட்டல் கேமராவான நிகான் டிஎஸ்எல்ஆரில் பென்டாக்ஸ் லென்ஸ் அப்படி வேலை செய்யாது. நிகானின் மவுன்ட் தூரம், அதாவது லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து பிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம், 46.5 மில்லிமீட்டர், பென்டாக்ஸுக்கு 45.46. அந்த ஒரு மில்லிமீட்டரால் தூரத்துக் காட்சி தெளிவாகாது. மிரர்லெஸ் கேமராவின் மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் இயங்கு' என்ற தேர்வை இயக்கினால்தான் பொத்தான் வேலை செய்யும். சிறிய சென்சார் கேமராவில் 50 எம்எம் லென்ஸ் 75 எம்எம் போல நெருக்கிக் காட்டும். முகங்களுக்கு அது அருமை, தெருக்காட்சிக்கு 28 எம்எம் தேட வேண்டும்.

பழைய நெகட்டிவ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் பிலிம் மட்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கட்டை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள், முதலில் அதை நகல் எடுங்கள். பிவிசி உறைகளை எறிந்துவிட்டுப் பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். எல்இடி பலகையின் மேல் வைத்து, மேக்ரோ லென்ஸால் நேர் மேலிருந்து எடுத்தால் வீட்டிலேயே நல்ல நகல் கிடைக்கும். ஓர எண்கள் நேராகப் படிக்க வரும் பக்கம், அதாவது பளபளப்பான பக்கம், கேமராவை நோக்கி இருந்தால் படம் இடவலம் மாறாது.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்புகளில் வாசகர் எடுத்த படங்கள் வெளியாகும்போது, எடுத்தவர் பெயரும் கேமரா பெயரும் மட்டுமே அச்சாகின்றன. அவற்றோடு ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ, எடுத்த நேரம் ஆகியவற்றை ஒரே வரியில் சேர்த்து வெளியிடுங்கள். கேமராவை மறுபடி கையில் எடுப்பவர், அடுத்த நாள் அதே நேரத்தில் அதே அளவில் எடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள அந்த ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
கேமரா பழுது பார்க்கும் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.